ஆளுக்கு ரெண்டு மணி நேரம்

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டுவிட்டது. தண்ணீர் விடவில்லை. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில், எல்சியின் வீட்டுக்குள் அது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே கறுப்பாக நின்றது. ஃப்ரிட்ஜை நான்கு செங்கல் வைத்து ஏற்றியிருந்தார்கள். கட்டிலின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் துணி மூட்டைகள், அவற்றுக்கும் மேல் அரிசி டப்பா. மாடிப் போர்ஷன்காரர்கள் புயலுக்கு முன்பே மாதவரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாவி எல்சியிடம் இருந்ததால் திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் குடும்பம் மாடியில்தான் இருந்தது.

குடும்பம் என்றால் அப்போது மூன்று பேர். எல்சி, அவள் கணவர் அம்புரோஸ், மருமகள் ரூத். மகன் ஜெரால்டுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. புயல் எச்சரிக்கை வந்த சனிக்கிழமை போனவன் இன்னும் திரும்பவில்லை. ஞாயிறு இரவு ஒரு முறை போன் செய்தான். பத்திரமாக இருப்பதாகச் சொன்னான். அதோடு அவன் போன் அணைந்துவிட்டது.

எல்சிக்கு அறுபத்தொரு வயது. இருபது வருஷம் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்றவள். கால் வலி வந்து அதை விட்ட பிறகு அவளுக்குக் கோயில்தான். அந்தச் சந்திலும் அடுத்த இரண்டு சந்திலும் இருந்த பதினான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் என்ற ஜெபக் குழுவுக்கு அவள்தான் தலைவி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், பிரசவம் என்றாலும், சாவு என்றாலும் ஜெபமாலையோடு முதலில் போய் நிற்பாள். அன்றும் ஒன்பது மணிக்கு மாடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். பாவாடையை முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத் தரையில் பழைய சேலை விரித்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரூத் அதில் உட்காரவில்லை. அவள் பெரம்பூரில் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவள். ஜெரால்டைக் காதலித்துக் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. டோல்கேட் பகுதியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு அவள்தான் சென்டரைத் திறப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் வரும். அதனால் காலைப் பூசைக்கு வரமாட்டாள். சாயங்காலப் பூசைக்கு யூனிபாரத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவாள். அது எல்சிக்கு இரண்டு வருஷமாக உறுத்தல்.

பெண்கள் ஜெபமாலையின் நாலாவது தேவ ரகசியத்தில் இருந்தபோது ரூத்தின் போன் அடித்தது. பதினோரு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. கோதண்டத்தின் மனைவி சிவந்தி பேசினாள். கோதண்டம் கொருக்குப்பேட்டையில் ஆட்டோ ஓட்டியவர். மூன்று வருஷமாக வாரம் இரண்டு முறை சென்டருக்கு வருகிறவர்.

"ரூத்தம்மா, நேத்து அவரு டர்னு. நீங்க மூடிட்டீங்க. ராவெல்லாம் படுக்க முடியாம குந்திகினே கீறாரு. மூச்சு இழுக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். அங்க நம்மள மாதிரி நாப்பது பேரு வரிசைல கீறாங்க. நாளைக்கு சாயங்காலம்தான் மிஷின் கெடைக்குமாம்."

"கால் வீங்கிகீதாக்கா?"

"அமுக்குனா குழி உழுது. மூஞ்சியும் ஊதிப் போச்சு."

"எளநீ, பழம் எதுனா குடுத்தீங்களா? அவருக்கு அது ஆவாதுக்கா."

"ஒண்ணியும் குடுக்கல. பிரெட்டு ரெண்டு துண்டு துன்னாரு. அவ்ளோதான்."

ரூத் மணியைப் பார்த்தாள். பிறகு, "அவரை டோல்கேட்டுக்கு இட்டுகினு வந்துடுங்க. பன்னண்டு மணிக்கு நான் அங்க இருப்பேன்," என்றாள்.

வைத்துவிட்டு இன்னும் மூன்று பேருக்குப் போட்டாள். கோதண்டத்தோடு சேர்த்துத் திங்கட்கிழமை ஷிப்ட்டில் நான்கு பேர். புளியந்தோப்பு ரூபினா உடனே எடுத்தாள், தம்பியோடு வந்துவிடுவதாகச் சொன்னாள். தண்டையார்பேட்டை பொன்னுரங்கமும் வருகிறேன் என்றார். எர்ணாவூர் சீனியம்மாளின் போன் அணைந்திருந்தது. கடைசியாகச் சென்டர் டாக்டருக்குப் போட்டாள். அவர் அண்ணா நகரில் தன் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். நிலைமையைக் கேட்டுவிட்டு, ஆளுக்கு நான்கு மணி நேரம் வேண்டாம், இரண்டு மணி நேரம் ஓட்டு, உடம்பிலிருந்து தண்ணீரை மெதுவாக எடு, எதுவானாலும் என்னைக் கூப்பிடு என்றார்.

ஜெபமாலை முடிந்து பெண்கள் எழுந்தபோது ரூத் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு சென்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் எல்சி.

"சென்டருக்கு அத்தை."

"வியாழக்கெழம வரைக்கும் மூடுன்னு உங்க மேனேஜரு மெசேஜ் போட்டாருன்னு நீதான சொன்ன?"

"போட்டாரு. வியாழக்கெழம வரைக்கும் அவங்க தாங்க மாட்டாங்க."

"அவங்கன்னா?"

ரூத் சொன்னாள். எல்சி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "உம் புருஷன் எங்க கீறான்னு தெரியல. கீழ வூடு முழுவிகினு கீது. ரோட்டுல எங்க மூடி தொறந்து கீதுன்னு யாருக்கும் தெரியாது. நீ உழுந்துட்டா நான் அவனுக்கு இன்னா பதில் சொல்றது? அந்தக் கோதண்டத்துக்காக நாங்க இப்பவே ஒரு நூத்தியம்பத்தி மூணு மணி ஜெபமால சொல்றோம். ஆண்டவரு பாத்துக்குவாரு," என்றாள்.

ரூத் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்ணுங்க அத்தை. நான் போய் மிஷினைப் போடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்சிக்கு அதிகமாகச் சுட்டது. படியில் நின்றிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்புரோஸ் ஜன்னலோரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர், வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்தபடியே, "கரண்ட்டு இல்லியேமா. மிஷின் எப்பிடி ஓடும்?" என்றார்.

"ஜெனரேட்டர் கீது மாமா. டீசல்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல வராது. பங்க்ல எங்கயும் இல்லியாம். வழில யார்கிட்டயாவது கேக்கணும்."

"யார்கிட்ட கேப்ப?"

ரூத் பையைத் தோளில் மாட்டினாள்.

எல்சி ஜெபமாலையைக் கழுத்தில் போட்டு ரவிக்கைக்குள் விட்டாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கச்சமாகச் செருகினாள். "காசிமேட்டு மாசானத்தோட போட்டுல டீசல் இருக்கும்," என்றாள். "நீ கேட்டா நீ யாருன்னு கேப்பான். அவங்கிட்ட இருவது வருஷம் மீன் எடுத்தவ நான். நட."

அம்புரோஸ் கரண்டியோடு திரும்பினார். "கீழ சாமான்லாம்?"

"நீ பாத்துக்க."

"எம் முட்டிய வச்சுகினு நான் இன்னாத்த பாக்கறது?" என்று அவர் கேட்டபோது இருவரும் படி இறங்கிவிட்டார்கள்.

காசிமேடு வரை ஒன்றரை கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரூத் ஒரு மூங்கில் கழியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே போனாள். எல்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். தெர்மோகோல் பெட்டிகளும் பிளாஸ்டிக் குடங்களும் செத்த எலியும் மிதந்து போயின. ஒரு டீக்கடைக்காரர் கடை மேஜையின் மேல் ஸ்டவ்வை வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கழி சட்டென்று உள்ளே போயிற்று. ரூத் எல்சியை இடப்பக்கம் இழுத்தாள். அந்தக் குழியைத் தாண்டி வந்த பிறகு எல்சி, "காசிமேட்டுக்கு நான் கண்ணை மூடிகினு போவேன். இப்ப ஒண்ணியும் தெரியல," என்றாள்.

மாசானத்துக்கு இரண்டு விசைப்படகு. இரண்டும் புயலுக்கு முன்பே மீன்பிடித் துறைமுகத்துக்குள் கட்டியாகிவிட்டது. ஐஸ் உடைக்கும் கொட்டகையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தவர் எல்சியைப் பார்த்து எழுந்தார்.

"இன்னா எல்சிக்கா, வெள்ளத்துல ஏலத்துக்கு வந்துட்ட?"

எல்சி விஷயத்தைச் சொன்னாள். அவர் ரூத்தைப் பார்த்தார். "எத்தினி பேரும்மா?"

"இப்போதைக்கு மூணு பேரு."

"டீசலு இல்லன்னா?"

"மிஷின் ஓடாது. அதுல ஒருத்தருக்கு இன்னிக்கு ராத்திரி தாண்டாது."

மாசானம் உள்ளே போனார். இரண்டு இருபது லிட்டர் கேனை எடுத்துவந்து தன் மீன்பாடி வண்டியில் வைத்தார். பழைய ஸ்கூட்டர் இன்ஜின் பொருத்திய மூன்று சக்கர வண்டி. அந்தத் தண்ணீரில் இன்ஜினைப் போட முடியாது. கேன்களுக்கு நடுவே எல்சியை உட்காரச் சொல்லிவிட்டு அவரே பின்னாலிருந்து தள்ளினார். ரூத் முன்னால் கழியோடு நடந்தாள். டோல்கேட் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

சென்டர் ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. படியின் கீழே கோதண்டத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துச் சிவந்தியும் இரண்டு ஆட்டோக்காரர்களும் தூக்கி வந்திருந்தார்கள். பக்கத்தில் பொன்னுரங்கம் குடையை ஊன்றி நின்றார். ரூபினா தம்பியின் தோளில் சாய்ந்திருந்தாள், இடுப்பு வரை ஈரம். இருபத்து நான்கு வயது, நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

எல்சி அதற்கு முன் அந்தப் படி ஏறியதில்லை. மேலே பினாயில் வாசனையும் பூட்டிக்கிடந்த அறையின் புழுக்கமும் அடித்தது. ஆறு கட்டில், ஆறு மிஷின். ரூத் அவளைக் கை கழுவச் சொன்னாள், வேறு செருப்பும் மாஸ்க்கும் கொடுத்தாள், ஓரத்து ஸ்டூலைக் காட்டினாள். பின்பக்கத்தில் மாசானம் ஜெனரேட்டரைக் கிளப்பினார். அந்தச் சத்தம் வந்ததும் சிவந்தி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

ஜெனரேட்டரில் தண்ணீர் சுத்திகரிக்கும் மோட்டாரும் இரண்டு மிஷினும்தான் ஓடும். கோதண்டமும் ரூபினாவும் முதலில் என்று ரூத் சொன்னாள். பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். "நான் குந்திகினு கீறேன். எனுக்கு மூச்சு நல்லாத்தான் கீது," என்றார்.

எல்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தோசை வட்டமாக வராத பெண் இங்கே கையை ஒரு முறைகூட வீணாக அசைக்கவில்லை. குழாய்களை மாட்டினாள், தட்டினாள், காற்றுக் குமிழை வெளியே தள்ளினாள். கோதண்டத்தின் கையில் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. கோணி ஊசி கனத்துக்கு ஓர் ஊசியை அதில் ஏற்றினாள், பிறகு இன்னொன்று. ரத்தம் குழாயில் ஏறி, வட்டமான பம்பைச் சுற்றி, ஃபில்டருக்குள் போய் வந்தது. எல்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெபமாலையை வெளியே எடுத்துக் கண்ணை மூடினாள்.

"அத்தை, கண்ணை மூடாதீங்க," என்றாள் ரூத். "நான் ரூபினாவைப் பாக்கணும். நீங்க இந்தக் குழாயையே பாத்துகினு இருங்க. இந்தக் கோட்டுக்குக் கீழ ரத்தம் எறங்கினாலோ, நுரை தெரிஞ்சாலோ என்னைக் கூப்புடுங்க."

எல்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழாயைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் கோதண்டத்துக்குப் பேச்சு வந்தது. "எம்மா, நீங்க ரூத்தம்மாவோட அம்மாவா?"

"மாமியாரு."

"மாமியாரா? இவ்ளோ தண்ணில மருமவகூட வந்துகிறீங்க?" அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ஒரு டீ குடிச்சா நல்லா இருக்கும்."

"அரை கிளாஸுக்கு மேல கூடாது," என்று அந்தப் பக்கத்திலிருந்து ரூத் சொன்னாள்.

"டீயே இல்ல. அதுலயும் அரை கிளாஸா?" என்றார் கோதண்டம்.

ஒன்றேகால் மணிக்கு ஜெனரேட்டர் இரண்டு முறை திணறியது. அப்புறம் நின்றுவிட்டது.

மின்விசிறி நின்றது. மிஷின்கள் கத்த ஆரம்பித்தன. ரூபினாவின் மிஷினில் பேட்டரி இருந்தது. பம்பு சுற்றிக்கொண்டே இருந்தது, கால் மணி நேரம் தாங்கும். கோதண்டத்தின் மிஷினில் பேட்டரி போய் இரண்டு மாதமாகிறது. மாற்றித் தரச் சொல்லி ரூத் மூன்று முறை எழுதிப் போட்டிருந்தாள். அந்தப் பம்பு அப்படியே நின்றது. அவர் ரத்தம் குழாயிலும் ஃபில்டரிலும் நின்றது. நின்றால் உறைந்துவிடும்.

ரூத் ஓடிவந்து பம்பின் மூடியைத் திறந்தாள், மிஷினின் பின்னாலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து மாட்டினாள், ஒரு கிளிப்பை விடுவித்தாள், ரத்தத்தை உடம்புக்குள் திருப்பித் தள்ள உப்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். அதே நேரம் ரூபினாவின் தம்பி, "அக்கா, இவ கண்ணு சொருகுது," என்றான். ரூபினாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டிருந்தது. உதடு வெளுத்துத் தலை ஒரு பக்கம் சரிந்தது.

ரூத் ஒரு கணம் இரண்டு கட்டிலையும் பார்த்தாள். பாட்டிலைச் சிவந்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அத்தை, இங்க வாங்க. புடிங்க. இந்த அம்புக்குறி பக்கமாத்தான் சுத்தணும். மாத்திச் சுத்தக் கூடாது. வேகம் வேணாம். ஆனா நிறுத்தவே கூடாது. நான் சொல்றவரைக்கும்."

"எனுக்கு இன்னா தெரியும், ரூத்து?"

"இது தெரியும். சுத்துங்க."

எல்சி சுற்றினாள். கைப்பிடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உள்ளே இரண்டு உருளை குழாயை நசுக்கி நசுக்கி ரத்தத்தைத் தள்ளின. இரண்டு சுற்றில் வேகம் பிடிபட்டது. கிணற்று ராட்டினத்தின் வேகமில்லை, அதைவிட மெதுவாக. ரூத் ரூபினாவின் கட்டிலைச் சாய்த்துக் காலை உயர்த்தினாள், அவள் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் தட்டினாள். அவளுக்கும் உப்புத் தண்ணீர் போனது. பின்பக்கத்திலிருந்து மாசானம் கத்தினார்: "கேன்ல மழைத்தண்ணி எறங்கிகீதும்மா. என் தப்புதான். பில்டரைக் கழட்டறேன். இருவது நிமிஷம்."

நாலாவது நிமிஷத்தில் எல்சியின் தோள்பட்டை கடுத்தது. வருஷக்கணக்கில் மீன் கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றிய தோள்பட்டை. வலியோடு வேலை செய்வது அதற்குப் புதிதல்ல. அவள் கால்களை அகட்டி நின்றுகொண்டாள். கோதண்டம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, என் ரத்தம் உங்க கையில கீது," என்றார்.

"பேசாத நைனா. பேசுனா எனுக்குச் சுத்தறது தவறும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். சிவந்தி உப்புத் தண்ணீர்ப் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தாள். குழாயின் ஒரு முனையில் சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. வெளுப்பு ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக நகர்ந்து பம்பைத் தாண்டி ஃபில்டருக்குள் போயிற்று. மறுபக்கக் குழாய் ரோஸ் நிறமாகும்வரை எல்சி அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நுரை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

ரூத்தின் கை வந்து கிளிப்பை அழுத்தியது. "போதும் அத்தை. வுட்டுடுங்க."

கைப்பிடியை விட்டும் எல்சியின் விரல்கள் மடங்கியே இருந்தன. சிவந்தி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவினாள். அடுத்த கட்டிலில் ரூபினா கண்ணைத் திறந்து, "தம்பி எங்க?" என்றாள்.

ரத்தம் முழுவதும் கோதண்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பேட்டரி தீருமுன் ரூபினாவின் ரத்தத்தையும் ரூத் திருப்பி ஏற்றிவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு மாசானம் மறுபடி ஜெனரேட்டரைக் கிளப்பினார். சட்டையெல்லாம் டீசலாக அவர் வாசலில் வந்து நின்று, "இப்ப நிக்காது," என்றார். ரூத் டாக்டரிடம் பேசினாள். ரூபினாவுக்கு இன்றைக்கு இவ்வளவு போதும், நாளை மறுபடி வரட்டும். கோதண்டத்துக்குப் புதுக் குழாய் போட்டு இன்னும் ஒரு மணி நேரம். பக்கத்து மிஷினில் பொன்னுரங்கத்துக்கு இரண்டு மணி நேரம். எல்லாம் முடியும்போது மணி ஐந்து. கோதண்டம் படியில் சிவந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு தன் காலாலேயே இறங்கினார்.

நடுவில் மேனேஜர் போன் செய்தார். யாரோ ஜெனரேட்டர் சத்தம் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ரூத் சார்ஜில் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசியைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

"யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?"

"டாக்டரைக் கேட்டேன் சார்."

"டாக்டர் வேற, நிர்வாகம் வேற. ஏதாவது ஆயிருந்தா யார் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"அப்படியே எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை டிரஸ்ட்ல வச்சுப் பேசிக்கலாம். வேலை இருக்குமா இருக்காதான்னு நான் இப்ப சொல்ல முடியாது."

"சரி சார். எழுதித் தரேன். நாளைக்கும் தொறப்பேன். அதையும் சேத்தே எழுதிடறேன்."

மேனேஜர் போனை வைத்துவிட்டார். எல்சி ரத்தம் பட்ட பஞ்சுகளை மஞ்சள் பையில் போட்டு முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. ஆனால் மத்தியானம் கடல் ஏற்றத்தில் கட்டில் உயரத்துக்கு ஒரு முறை ஏறிவிட்டு இறங்கியிருந்தது. அம்புரோஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஃப்ரிட்ஜு மெதந்துடுச்சிடி. நாலு செங்கல்லயும் வுட்டு எறங்கி நடு வூட்டுல படகு மாதிரி சுத்துச்சு. மெத்தையும் போச்சு. அரிசியை மட்டும் தூக்கிகினு வந்தேன்." முட்டியைத் தடவிக்கொண்டார். "ஜெரால்டு பேசினான். பக்கத்து வூட்டு போன்ல. நாளைக்கு வந்துடுவானாம். அந்த ஆட்டோக்காரரு இன்னா ஆனாரு?"

"நடந்து போனாரு," என்றாள் எல்சி.

"அப்ப சரி," என்று அவர் குழம்புச் சட்டியைத் திறந்தார்.

எல்சி வலது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டாள். சாப்பிட்டுவிட்டு ரூத்தின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சுத்தும்போது ஒரு அருள்நிறை மந்திரம்கூட நான் சொல்லல, ரூத்து. ஆண்டவரே நெனப்புக்கு வரல. அந்தக் குழாய்தான் தெரிஞ்சுது."

"எனக்கும் அப்படித்தான் அத்தை. ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் பேரைச் சொல்லுவேன். அப்பறம் நேரம் இருக்காது."

எல்சி அதை யோசித்தபடி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கடைசி பெஞ்சில் தூங்கும் தலை அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி ஃபாதரிடமே ஒரு முறை முறையிட்டிருக்கிறாள். அதை இப்போது ரூத்திடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "நாலு பேருன்னியே. மூணு பேருதான வந்தாங்க?" என்று கேட்டாள்.

"சீனியம்மா. எர்ணாவூர் ஹவுசிங் போர்டுல, இட்லிக் கடை வச்சிருந்தாங்க. போனே எடுக்கல. அந்தப் பக்கம் தண்ணில எண்ணெய் வேற கலந்து வந்துகீதாம், வண்டி எதுவும் உள்ள போக முடியலன்னு பொன்னுரங்கம் சொன்னாரு." ரூத்தின் கண் மூடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு அவங்களுக்கு ஆறு நாள் ஆயிடும்."

காலையில் ரூத் எழுந்தபோது எல்சி இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அம்புரோஸ் சொன்னார். ரூத் தனியாகச் சென்டருக்குப் புறப்பட்டாள்.

எல்சி அப்போது மாசானத்தின் மீன்பாடி வண்டியில் திருவொற்றியூரைத் தாண்டிவிட்டாள். நெடுஞ்சாலையில் தண்ணீர் வடிந்திருந்தது, இன்ஜின் ஓடியது. எர்ணாவூருக்குள் திரும்பியதும் எண்ணெய் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. சுவர்களில் இடுப்பளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. மாடு ஒன்று வயிறு வரை தார் பூசினதுபோல் நின்றது. எங்கிருந்து வந்த எண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாசானம் வண்டியை நிறுத்தினார். எல்சி இறங்கி, கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, இட்லிக் கடை சீனியம்மாள் வீடு எது என்று நான்கு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தாள். இரண்டாவது பிளாக், முதல் மாடி.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சீனியம்மாளின் மகள் வேம்பு. எல்சியின் கழுத்தில் ரவிக்கைக்கு வெளியே வந்திருந்த ஜெபமாலையைப் பார்த்தாள்.

"கோயில்லேருந்து வர்றீங்களாமா? நேத்தே ரெண்டு பேரு வந்து அம்மாவுக்கு ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க. நாங்க இந்துதான். வேணான்னு சொல்லல. நீங்களும் பண்றதுன்னா உள்ள வாங்க."

"கோயில்லேருந்து இல்ல," என்றாள் எல்சி. "டயாலிசிஸ்லேருந்து வரேன். உங்கம்மாவுக்கு டர்னு தப்பிப் போச்சு. இட்டுகினு போலாம்."

"அங்க மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே."

"தொறந்து கீது. எம் மருமவ தொறந்துகிறா."

சீனியம்மாள் சுவரோரம் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. மூச்சு சத்தமாக வந்தது. எல்சி குனிந்து, "மிஷினுக்குப் போலாமா?" என்று கேட்டாள். அவள் தலையை அசைத்தாள். வேம்பு காலைப் பிடிக்க, எல்சி கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க, படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறக்கினார்கள். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் எண்ணெய்த் தண்ணீரில் நாற்காலியோடு தூக்கி வண்டிவரை கொண்டுவந்தார்கள். வேம்பு மாற்றுத்துணியோடு பின்னால் வருவதாகச் சொன்னாள். படுக்க முடியாதவள் என்பதால் எல்சி வண்டியில் அவளுக்குப் பின்னால் குந்தி, அவள் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். வண்டி போகப் போக அந்த மூச்சை எல்சி தன் விலாவில் உணர்ந்துகொண்டே வந்தாள். டோல்கேட் வரை அது நிற்கவில்லை.

சத்தம் கேட்டு ரூத் மாடிப்படிக்கு வந்தாள். கீழே சேலையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு மாமியார். அவள் கையைப் பிடித்தபடி முதல் படியில் கால் வைக்கும் சீனியம்மாள். ரூத் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து மறுபக்கம் தோள் கொடுத்தாள்.

"அத்தை, அந்தக் கையைப் புடிக்காதீங்க," என்றாள். "அதுலதான் ஊசி போடணும்."

எல்சி கையை விட்டுவிட்டு இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஏறினார்கள்.